கேலனுக்கு எழுபத்திரண்டு மைல்

என் தங்கை நீலாவின் கல்யாணத்தில் அடைப்பிரதமன் என்கிற பாயசம் பந்திக்கு வராமல் போனதற்குத் தேங்காயின் மேல் குற்றம் இல்லை, வெல்லத்தின் மேலும் குற்றம் இல்லை. காரணம் நான்தான். இதை இப்போது ஒத்துக்கொள்வதில் பெரிய தைரியம் ஒன்றும் தேவையில்லை. அன்றைக்கே பந்தலில் இருநூறு பேர் முன்னால் ஒத்துக்கொண்டாயிற்று. (ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது என்று சொல்வதுதான் நியாயம்.)

மனிதனுக்குப் பிடிக்கும் பைத்தியங்களில் சிக்கனப் பைத்தியம் கொஞ்சம் விசேஷமானது. மற்றப் பைத்தியங்கள் பிடித்தவனுக்கு என்றாவது ஒருநாள் சந்தேகமாவது வரும். சிக்கனம் பிடித்தவனுக்கு, ஊரில் தன்னைத் தவிர எல்லோரும் முட்டாள்கள் என்று நாளுக்கு நாள் உறுதிப்பட்டுக்கொண்டே போகும். எனக்கு அது பெட்ரோல் விஷயத்தில் பிடித்தது.

சுதந்திரம் கிடைத்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். தாழக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு இருபத்துநான்கு வயது. திருவனந்தபுரத்தில் பௌதிகம் படித்துவிட்டு வந்து நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யுத்தத்துக்குப் போய் ஓய்ந்து திரும்பிய ஒரு பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிளை யாரிடமிருந்தோ வாங்கி வைத்திருந்தேன். அதை உதைத்துக் கிளப்பினால் எங்கள் தெருவில் கட்டியிருக்கிற எருமைகள் கறவைக்கு மறுத்துவிடும். அதைவிட மோசம், அது குடிக்கிற குடி.

அப்பா அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தால் முதல் கேள்வி என் சாப்பாட்டைப் பற்றி இருக்காது. "குடிகாரனுக்கு ஊத்தியாச்சாலே?" என்றுதான் கேட்பார். நாலு வயல்காரர்கள் கூடி இருக்கும்போது கேட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார்.

பௌதிகம் படித்தவனுக்கு இது மானப் பிரச்சினை. அன்றிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலிலிருந்து எத்தனை அடி தூரம் பிழிந்தெடுக்கலாம் என்பதே என் சிந்தனையாகிவிட்டது. கார்புரேட்டரில் இருக்கும் திருகாணியைத் திருகி பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினேன். டயருக்குக் காற்றடித்து அடித்து, தட்டினால் உடுக்கைச் சத்தம் வரும்படி ஆக்கினேன். எடை குறைந்தால் செலவு குறையும் என்பது விதி அல்லவா. ஆகவே மட்கார்டைக் கழற்றினேன், ஸ்டாண்டைக் கழற்றினேன், கருவிப் பெட்டியையும் ஹாரனையும் கழற்றினேன். ஹாரன் என்ன பெரிய எடை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியை அப்போது கேட்க எனக்கு யாரும் இல்லை. கேட்டிருந்தால் அவனுக்கு ஒரு மணிநேரம் வகுப்பெடுத்திருப்பேன்.

இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவேன். ஏற்றம் வருவதற்கு முன் கடவுளைக் கும்பிட்டுவிட்டு மறுபடி கிளப்புவேன். நாகர்கோவில் பஸ் நிலையத்தில் ஒரு டிரைவர், பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்து, பெட்டியில் துணிக்குப் போடுகிற பாச்சை உருண்டை நாலைந்தைத் தட்டிப் போட்டால் வண்டி பறக்கும் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா வினையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. நான் அன்று மாலையே போட்டேன். அம்மாவின் பட்டுச் சேலைகளைப் பூச்சி அரித்த வருஷம் அதுதான்.

டாங்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு தென்னை ஈர்க்கில் அடையாளம் வெட்டி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பேன். இரண்டு மைலுக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஈர்க்கை விட்டு எடுத்துப் பார்த்து, மூடிவிட்டுப் போவேன். இப்படித் திறந்து மூடித் திறந்து மூடி அந்த மூடியின் மரையெல்லாம் தேய்ந்து, பிறகு அது சும்மா ஒரு மரியாதைக்கு உட்கார்ந்திருந்தது. இந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நீலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை குமாரசாமி, மின்சார ஆபீசில் வேலை. அமைதியான பையன். நிச்சயத்தன்று அத்தனை பேர் கூடியிருந்தும் அவர் என் வண்டியைத்தான் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். கேட்கவும் செய்தார்.

"அத்தான், இது கேலனுக்கு எத்தனை மைல் குடுக்கும்?"

"இப்ப அறுபது. கல்யாணத்துக்குள்ள எழுபதுக்கு மேல எடுத்துக் காட்டுகேன், பாருங்கோ" என்றேன். (உண்மையில் அறுபதுகூட இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் யார்தான் உண்மையைச் சொல்கிறார்கள்.)

மாப்பிள்ளையை நினைத்து யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம் அவருடைய தாய்மாமன் சிவதாணு பிள்ளையை நினைத்துத்தான். சாப்பாட்டில் அவர் கண்டுபிடிக்காத குறை பிறகு வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு கல்யாணத்தில் எரிசேரியில் மிளகு தூக்கலாக இருக்கிறது என்று பாதி இலையில் எழுந்து கைகழுவியவர். அந்தக் கல்யாணப் பெண் பாவம், புகுந்த வீட்டில் பத்து வருஷமாக மிளகுக்காரி என்றே பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். நிச்சயத்தன்று அவர் வெற்றிலையை மடக்கிக்கொண்டே அப்பாவிடம், "பிள்ளைவாள், அருமனை மாதவன் பிள்ளை அடைப்பிரதமன் ஒருக்கா சாப்பிட்டிருக்கேன். இன்னும் நாக்குல நிக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். "அவரையே கொண்டாந்திருவோம்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாதவன் பிள்ளை பேர்போன தவசிப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம். பிரதமனுக்குக் கடை அடையைத் தொடமாட்டார். தானே அரிசியரைத்து, வாழையிலையில் தேய்த்து வேகவைத்து, நறுக்கி, வெயிலில் உலர்த்தி, துணியில் மூட்டை கட்டிக் கையோடு கொண்டுவருவார். அவருக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அருமனையிலேயே ஒரு கோயில் சாப்பாடு இருந்தது. அது முடிந்து மத்தியானத்துக்குள் இங்கே வந்தால்தான் அடுப்பு வெட்டி, கறிக்காய் நறுக்க ஆள் பிரித்துவிட முடியும். பஸ் மாறி மாறி வந்தால் நாலு மணியாகிவிடும். அப்பா நாகர்கோவிலில் ஒரு வாடகைக் கார் பேசப் போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

"கார் எதுக்கு? நான் போய்க் கூட்டிட்டு வாறேன். ஒரே ஒரு கேலன். போகவர அம்பத்தாறு மைல். மிச்சமும் கொண்டாந்து ஒங்க கையில தாறேன்."

"குடிகாரனை நம்பியா?" என்றார் அப்பா.

"அண்ணன் கூட்டிட்டு வந்திருவான்" என்று எனக்காகப் பேசியவள் நீலா. அவள் நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது. அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொண்டதில்லை.

போகும்போது எல்லாம் பிரமாதமாகப் போயிற்று. ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் பாதையில் பாதி தூரம் சத்தமில்லாமல் உருண்டே போனேன். அருமனையில் இறங்கி ஈர்க்கை விட்டுக் கணக்குப் பார்த்தால் கேலனுக்கு எழுபத்திரண்டு மைல் வருகிறது. ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நின்று சிரித்தேன். அந்தக் கணக்கில் ஒரு சின்னத் தவறு இருந்தது. திரும்பும்போது என் பின்னால் மாதவன் பிள்ளை உட்காருவார் என்பதை நான் சேர்க்கவில்லை.

அவர் இரண்டு மூட்டை நெல்லை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது போல் இருந்தார். கையில் பாயசம் கிளறுகிற ஆள் உயரப் பித்தளைச் சட்டுவம். அதை வெளியாள் தொட விடமாட்டார். அடை மூட்டையை எனக்கு முன்னால் டாங்கின் மேல் வைத்துக் கட்டினோம். வைக்க வேறு இடம் இல்லை, பின்னாலிருந்த கம்பிக் கூட்டை எடை என்று நான்தான் கழற்றி எறிந்திருந்தேன்.

முதல் ஏற்றத்தில் வண்டி முனகியது. நான் ஓரமாக நிறுத்தினேன்.

"கொஞ்சம் எறங்கி நடந்து வாருங்கோ. ஏத்தம்."

"வண்டிக்கு வல்ல கேடும் உண்டா சாரே?" என்றார். அருமனைப் பக்கத்துப் பேச்சில் பாதி மலையாளம்.

"கேடு ஒண்ணும் இல்ல. பெட்ரோல் மிச்சம் பிடிக்கதுக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டுவத்தை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். இரண்டாவது ஏற்றத்திலும் நடந்தார். மூன்றாவதில், சட்டுவத்தை ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மார்த்தாண்டம் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, ஒண்ணு பறயட்டா? நான் நடக்கதுக்குன்னா நேத்தே பொறப்பட்டு நடந்திருப்பேன். இந்த வண்டி எதுக்கு?"

"இனி ஏத்தம் இல்ல" என்று பொய் சொன்னேன். தக்கலை வருவதற்குள் அவர் இன்னும் ஐந்து தரம் இறங்கினார். கடைசி இரண்டு முறை நான் சொல்லாமலே இறங்கினார். அது பணிவு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வில்லுக்குறிக்கு முன்னால் ஒரு நல்ல இறக்கம் உண்டு. எஞ்சினை அணைத்தேன். இரண்டு மூட்டை நெல் எடை பின்னால் இருப்பதால் வண்டி இதுவரை போகாத வேகத்தில் போயிற்று, அதுவும் பூனை நடக்கிற சத்தம்கூட இல்லாமல். இந்த ஓட்டத்திலேயே நாகர்கோவில் வரைக்கும் போய்விடலாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வளைவில் திரும்பினேன். சாலை முழுக்க வாத்து.

அறுவடை முடிந்த வயலிலிருந்து எதிர்ப்பக்க வயலுக்கு ஒருவர் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போகிறார். நானூறு ஐநூறு இருக்கும். வண்டி வருகிற சத்தம் இருந்தால் அவர் ஒதுக்கியிருப்பார். சத்தம் இல்லை. ஹாரன் வீட்டில் பரணில் கிடக்கிறது. நான் வாயால், "பாம், பாம்" என்று கத்தினேன். (இதை என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை என்பது பகவான் செய்த உபகாரம்.) வாத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார், வாத்துகள் பார்க்கவில்லை. நான் ஹாண்டிலை இடது பக்கம் ஒடித்தேன். வாய்க்கால் அங்கேதான் இருந்தது.

நான் வண்டியை விடவில்லை, வண்டி என்னை விடவில்லை. மாதவன் பிள்ளை மட்டும் தனியாகப் பறந்துபோய், சட்டுவத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாத்துக்கும் காயமில்லை.

"எனக்க அடை?" என்பதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

அடை மூட்டை டாங்கின் மேலேயே பத்திரமாக இருந்தது. தண்ணீர் படவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தபோது மூட்டையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. மரியாதைக்கு உட்கார்ந்திருந்த மூடி குலுக்கலில் எழுந்துவிட்டது. பெட்ரோல் தளும்பியிருக்கிறது. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும் திரவம். காற்றில் பத்து நிமிஷம், வாசனைகூட இருக்காது. எட்டாம் வகுப்புக்கு நானே நடத்திய பாடம். மண்ணெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாது என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. நாலில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் ஊற்றினவன் நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"அடைக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றேன்.

அதன் பிறகு வண்டி கிளம்பவில்லை. காற்றைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைத்ததில் எஞ்சின் ஏற்கெனவே உள்ளுக்குள் கொதித்துப் போய்க் கிடந்தது, வாய்க்கால் தண்ணீர் பட்டதும் ஒரேயடியாக இறுகிவிட்டது. ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். தளும்பியது போக டாங்கில் இன்னும் பெட்ரோல் மிச்சம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள மாதவன் பிள்ளை தயாராக இல்லை.

கடைசியில் வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டியில், வைக்கோலுக்கு மேலே மோட்டார் சைக்கிள், அதற்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் சட்டுவத்தோடு மாதவன் பிள்ளை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். பந்தல் வாசலில் நின்ற அப்பா மோட்டார் சைக்கிளை இறக்க ஆள் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேர் மேலும் அடித்த சேற்று நாற்றத்திலும் எண்ணெய் நாற்றத்திலும் அடை மூட்டையைத் தனியாக மோந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்கு ஒரு பஸ்ஸு பறஞ்சு தாருங்கோ. நான் போறேன்" என்றார் மாதவன் பிள்ளை.

அவரை நிறுத்தியது நீலா. கல்யாணப் பெண்ணே வெந்நீரும் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, "எங்க அண்ணன்கூட ஒரு நாள் இருந்த மனுசனுக்கு வந்த கஷ்டத்தைப் பாருங்கோ. நான் இருவது வருசமா கூட இருந்திருக்கேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கால் வீக்கத்தோடு ராத்திரியே அடுப்பு வெட்டச் சொன்னார்.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. முதல் பந்தி உட்காரப்போகும் நேரத்தில் எனக்கு அடுப்படியிலிருந்து ஆள் வந்தது. போனேன். பெரிய வார்ப்பு உருளியில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் அடையும் பொன்னிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மாதவன் பிள்ளை சட்டுவத்தால் கொஞ்சம் கோரி, என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"சாரே, இது எந்த மணம்?"

ஏலக்காய் மணந்தது. அதற்குப் பின்னால் அரிக்கேன் விளக்கு மணந்தது. அதற்கும் பின்னால், நன்றாகக் கவனித்தால், அம்மாவின் பட்டுச்சேலைப் பெட்டி மணந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதை நான் மனுசனுக்கு வெளம்பமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வார்ப்பை இறக்கச் சொல்லி, உள்ளேயிருந்து சிறுபயறு எடுத்துவரச் சொன்னார். வேறு அடை கிடையாது. பிரதமன் போனதைவிட, மிளகுக்காரி என்று பெயர் வாங்கிய அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. நீலாவுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அழுகை வந்தது. வார்ப்பிலிருந்து வந்த புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பந்தி நடந்தது. பருப்பு, சாம்பார், எரிசேரி, அவியல் என்று எல்லாம் வரிசையாக வந்தது. சிவதாணு பிள்ளை எதிலும் குறை சொல்லவில்லை. பிரதமனுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் பிரதமனில் பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுத்தான் சாப்பிடுவோம். அவர் மற்றக் கறிகளோடு தொடாமல் இரண்டு பப்படத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இப்போது அவற்றை இலையில் நொறுக்கி, பழத்தை உரித்து, கையைத் தயாராக வைத்துக்கொண்டார். வாளி வந்தது. உள்ளே பயறுப் பாயசம்.

"அடைப்பிரதமன் எங்க?" என்றார்.

பந்தி நின்றது. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பந்தலின் மறுபக்கம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீலா தலையைக் குனிந்துகொண்டாள். மாதவன் பிள்ளை மேல் பழி வரக்கூடாது, அப்பா மேலும் வரக்கூடாது. நான் பாயச வாளிக்குப் பக்கத்தில் போய் நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை, கழற்றின ஹாரன், வாத்து, தேய்ந்த மூடி, அடை மூட்டை. ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது சிவதாணு பிள்ளை நொறுக்கின பப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணவறை மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை குமாரசாமி, இலைக்கு மேலே குனிந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்.

"அத்தான், கேலனுக்கு எத்தனை மைல் கிடைச்சுது?"

பழக்கதோஷம், நானும் பதில் சொன்னேன். "போகும்போ எழுபத்திரெண்டு."

"திரும்பி வரும்போ?"

எனக்குப் பின்னாலிருந்து மாதவன் பிள்ளையின் குரல் கேட்டது. "திரும்பி வரும்போ பெட்ரோலே வேண்டாம். ரெண்டு காளைக்கு வைக்கல் போட்டா போதும்."

முதலில் சிரித்தது சிவதாணு பிள்ளைதான். அவர் சிரித்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லையாம், அவர் மனைவி பிறகு சொன்னாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பயறுப் பாயசத்தை ஊத்தும்வே. இதுல மண்ணெண்ண இல்லேல்லா?" என்றார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு பரவியது. நீலா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தது.

வண்டியை எடைக்குப் போட்டோம். டாங்கில் மிச்சமிருந்ததை அம்மா ஒரு குப்பியில் வடித்து வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கட்டில் மூட்டைப்பூச்சிகளுக்குப் பயன்படுத்தினாள். ஒரு கேலனில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று அப்பாவிடம் சொன்னேன் அல்லவா, அந்த வாக்கு மட்டும் தவறவில்லை.

நீலாவுக்குப் புகுந்த வீட்டில் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. பெயர் எனக்குத்தான் வந்தது. அந்தக் குடும்பத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் நான் இன்றைக்கும் எழுபத்திரெண்டுதான். அவர்கள் வீட்டு விசேஷங்களில் எந்தப் பாயசம் வந்தாலும், பரிமாறுகிறவர் முதலில் என் இலைக்கு முன்னால் நின்று வாளியை என் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும். நான் மோந்து பார்த்து, "செரி, வெளம்பலாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்திக்குப் போகும். போன மாசம் நீலாவின் பேத்தி கல்யாணத்திலும் வாளி வந்து நின்றது. அன்று எனக்குக் கடும் ஜலதோஷம், ஒரு மணமும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி மோந்து பார்த்துத் தலையை ஆட்டினேன். பக்கத்து இலையிலிருந்து நீலா, "அண்ணா, மூக்கும் சிக்கனமா?" என்றாள்.